ஆளில்லாத கண்மாய்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத்துச் சாயங்காலம், இலுப்பூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கண்மாய்க் கரையில் ஆரம்பித்தது இது. ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது முடிவில் உங்களுக்கே புரியும்.

எங்கள் குடும்பம் கிணறு வெட்டுகிற குடும்பம். அப்பாவுக்கும் சரி, பெரியப்பா சித்தப்பாக்களுக்கும் சரி, கையெழுத்துப் போடத் தெரியாது. முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தவள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினேன். ரிஜிஸ்டர் நம்பர் பேப்பரில் வந்த அன்றைக்கு, அப்பா அந்தப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைக்கவில்லை. புதுக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. கண்ணாடி பிளேட்டில் பதிந்திருக்கும் முகங்களில் அம்மைத் தழும்பு, சுருக்கம் இருந்தால் பென்சிலால் தொட்டுத் தொட்டு மறைக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மேல் வர்ணம் தீட்ட வேண்டும். வேலையைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். முதலாளியே வெளியாட்களிடம், "இந்தப் பொண்ணு தொட்டா கெழவியும் கொமரியாயிருவா" என்று சொல்லுவார். தெருவில் தலையை நிமிர்த்தித்தான் நடப்பேன். இப்போதும் அப்படித்தான் நடக்கிறேன்.

அந்த வருஷம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் எங்கள் முதலாளியிடம் ஒரு வேலை கொடுத்தார். சித்திரைக்குக் காலண்டர் போட வேண்டும். எல்லாக் கடைக்காரரும் சாமி படம் போடுகிறார்கள், நமக்கு இயற்கைக் காட்சிதான் வேண்டும் என்றார். நம்ம பக்கத்துக் காட்சியாக இருக்க வேண்டும். ஆள் வேண்டாம், கோயில் வேண்டாம். பார்த்தால் கண் குளிர வேண்டும்.

அவர் போன பிறகு முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "கண்ணு குளுரணும்னா ஊட்டிக்குல்ல போகணும். நம்ம சீமையில கண்ணு எரியத்தான் எரியும்" என்றார்.

அப்புறம் இடம் தேட ஆரம்பித்தோம். முதலாளி, அவர் சம்சாரம், நான், மூன்று பேரும் போவோம். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அழைத்துக்கொண்டு அலைகிறார் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்றுதான் அந்த அக்காவும் வந்தார்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு, வெயிலைத் திட்டிக்கொண்டே வருவார்கள். ஓர் அட்டையில் நீளச் சதுரமாக ஓட்டை வெட்டி முதலாளி என் கையில் கொடுத்திருந்தார். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் எது படத்துக்குள் வரும், எது வராது என்று தெரியும். "கண்ணு பாக்கறது வேற, போட்டோப் பெட்டி பாக்கறது வேற. கண்ணு வேண்டாததை விட்டுட்டுப் பாக்கும். பெட்டிக்கு அந்தப் புத்தி கிடையாது" என்பார்.

விராலிமலைக்குப் போனோம். மயிலுக்காக ஒரு பகல் முழுதும் காத்திருந்தோம். மயில் பாறைமேல் வந்து நின்றபோது கீழே ரோட்டில் லாரியும் வந்து நின்றது. நார்த்தாமலைப் பக்கம் போனோம். நேரில் பார்க்கப் பிரமாதமாக இருந்த பாறை, பிளேட்டைக் கழுவிப் பார்த்தால் சாம்பல் மூட்டை மாதிரி இருந்தது. ஆவுடையார்கோவில் போகிற வழியில் பனைமரங்கள் நல்ல வரிசையாக நின்றன. ஆனால் எங்கும் ஒரே மட்டமான பூமி. பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று, நடுவே தண்ணீரோ வெளிச்சமோ இருந்தால்தான் காட்சி என்பது முதலாளியின் கணக்கு.

அப்போதுதான் நான் இலுப்பூர்ப் பக்கத்துக் கண்மாயைப் பற்றிச் சொன்னேன். சின்ன வயதில் அந்த ஊரில் அப்பா கிணறு வெட்டிக்கொண்டிருந்தபோது கஞ்சிப் பானையோடு அந்தக் கரைமேல் நடந்திருக்கிறேன். மழை பெய்து முடிந்த மாதம்தானே, நிறைந்திருக்கும் என்றேன். "போய்த்தான் பாப்பமே" என்றார் முதலாளி.

இலுப்பூர் வரை பஸ். அங்கிருந்து மாட்டு வண்டி. கரைமேல் ஏறினதும் முதலாளி நின்றுவிட்டார். கரை வரை தண்ணீர். பாதி முங்கிய கருவேல மரங்கள். ஓரத்தில் ஆம்பல். அந்தப் பக்கம் ஒரு சின்னப் பாறைக்குன்று, அதன் தலைகீழ் உருவம் தண்ணீரில். நான் அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பக்கமும் குறை இல்லை. எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்ல முடியாது. கண்மாயையே நான் வெட்டின மாதிரி இருந்தது.

முதலாளி முக்காலியை விரித்துப் பெட்டியை ஏற்றினார். வெயில் இன்னும் சாய வேண்டும் என்று காத்திருந்தோம். அப்போதுதான் அவள் வந்தாள். கையில் தழை ஒடிக்கிற நீளமான துரட்டி, முன்னால் பத்துப் பதினைந்து ஆடு. என் வயதுதான் இருக்கும். வயிறு நன்றாகத் தெரிந்தது.

"போட்டாப் பெட்டியோட வந்திருக்கீங்க. எங்க ஊருல இன்னைக்கு யாரும் சாகலையே" என்றாள்.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஸ்டுடியோக்காரன் வண்டி கட்டிக்கொண்டு வருகிறான் என்றால் இழவு வீட்டுக்குத்தான். பிணத்தை நாற்காலியில் சார்த்தி உட்கார வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அதைச் சொல்லித்தான் கேலி செய்தாள்.

"கண்மாயைப் படம் புடிக்க வந்திருக்கோம்" என்றேன்.

"கண்மாயையா? அது எப்பச் செத்துச்சு?"

முதலாளியே சிரித்துவிட்டார். அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பெட்டிக்குப் பின்னால் இருந்த கறுப்புத் துணியை என்னவென்று கேட்டாள். முதலாளி அனுமதி கொடுக்க, நான் துணிக்குள் அவள் தலையை நுழைத்துக் காட்டினேன். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

"ஊரையே கவுத்துப் போட்டுட்டீங்களே. தண்ணி தலைக்கு மேல இருக்கு, ஒரு சொட்டுச் சிந்தலை" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

வெளியே வந்ததும், "நான் அந்தால போய் ஆட்டோட நிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ஆளு வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்றார் முதலாளி.

"என்னைய விட்டுட்டு இந்தத் தண்ணியவா புடிக்கப் போறீங்க? இது நாளைக்கும் இங்கனதான் கெடக்கும்."

அக்காதான் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, எத்தனை மாதம் என்று விசாரித்தார்கள். ஆறு முடியப் போகிறது என்றாள். "மாசமா இருக்கையில படத்துல விழக் கூடாது தாயி. ஆயுசு கொறைஞ்சிரும்பாங்க. தள்ளி நில்லு" என்றார்கள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அதெல்லாம் சும்மாக்கா. வெளிச்சம் உள்ள போகுது, மருந்துல பதியுது. ஆயுசு எங்கிட்டிருந்து போகும்?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ படிச்ச புள்ளையா?"

"எஸ்.எஸ்.எல்.சி."

"அப்ப நீ சொல்றதுதான் சரியா இருக்கும்" என்று சொல்லி, அக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

இருந்தாலும் முதலாளி அவளைப் பூவரச மரத்துக்கு அங்கிட்டு நிற்கச் சொன்னார். ஆடுகளையும் அங்கிட்டே ஓட்டிக்கொண்டு போனாள். மேகம் விலக விலக முதலாளி சில பிளேட் எடுத்தார். மூட்டை கட்டும்போது அவள் ஓடி வந்து, படம் எப்போது வரும் என்று கேட்டாள். சித்திரையில் காலண்டராக வரும் என்றேன். "பாக்கறேன்" என்றாள். ஆடுகளை அதட்டிக்கொண்டே கரையிறங்கிப் போய்விட்டாள்.

காலண்டர் நன்றாக வந்தது. வர்ணம் முழுக்க என் கை. தண்ணீருக்கு நீலம், ஓரத்தில் பச்சை, குன்றின் முகத்தில் மட்டும் லேசாக மஞ்சள். சிவகாசியில் அச்சாகி வந்த கட்டைப் பிரித்து, முதல் பிரதியை நானே சுவரில் மாட்டினேன். டீக்கடை, சலூன், ரேஷன் கடை, எங்கே பார்த்தாலும் என் வர்ணம். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் இன்னொருவரிடம், "இது கேரளாப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நின்று திருத்திவிட்டுப் போனேன்.

வைகாசி மாதம், நல்ல வெயில் நேரம். முதலாளி ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். அக்கா பின்கட்டில் படுத்திருந்தார்கள். ஸ்டுடியோவில் நான் மட்டும். ஓர் ஆளும், வயதான ஓர் அம்மாளும் படியேறி வந்தார்கள். அம்மாள் கையில் ஒரு துணிச் சுருணை. அதற்குள் குழந்தை. அந்த ஆள் கக்கத்திலிருந்து காலண்டரை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"இது எடுத்தது நீங்கதானா? இது எங்க கண்மாய்."

"எங்க முதலாளி எடுத்தது. வர்ணம் நான் போட்டேன்" என்றேன். பாராட்ட வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

"இதுல எங்க வீட்டுப் பொண்ணு எங்க இருக்கு?"

எனக்கு உடனே விளங்கியது. "ஆடு மேய்ச்சுக்கிட்டு வந்தாங்களே, அவங்களா? இது அவங்க பிள்ளையா? அவங்க வரலையா?" என்று அடுக்கிக்கொண்டே போனேன். அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதில் சொன்னது அந்த ஆள்தான்.

"அது போயிருச்சும்மா. மாசியில. பிள்ளையப் பெத்துப்புட்டுப் போயிருச்சு."

அவர் அவளுடைய புருஷனின் அண்ணன். அந்த அம்மாள் அவளைப் பெற்றவர்கள். இரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அம்மாள் உட்கார்ந்தார்கள். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

மாசமாக இருக்கும்போது அவள் படம் பிடித்துக்கொண்டாளாம். கார்த்திகையிலிருந்து ஊர் பூராவும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். என்னைப் படம் புடிச்சாங்க, சித்திரையில் வரும், வந்தால் எல்லாரும் காசு கொடுத்துப் பார்க்கணும் என்று கேலி வேறு. "எங்க ஆத்தா அப்பவே தலையில அடிச்சுக்கிச்சு. ஆயுச அந்தப் பெட்டிக்குள்ள வச்சுட்டு வந்திருக்காளேன்னுச்சு. இப்ப எங்க ஆத்தா என்ன சொல்லுதுன்னா, அவளாத் தேடிக்கிட்டதுங்குது. இந்தப் புள்ளையும் அந்தப் படத்துல வயித்துக்குள்ள இருந்ததுதானே, இதுவும் தங்காதுங்குது. புள்ளை இவங்ககிட்டதான் வளருது. எந்தம்பி இன்னும் வந்து அது மொகத்தப் பாக்கலை."

அந்த அம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தார்கள். "காலண்டரு வந்துச்சு தாயி. நான் அதை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னேன். பாருங்க, எம்மவ இதுல இல்லைன்னேன். அச்சடிக்கையில அழிச்சிருப்பாங்க, மூலத்துல இருக்கும்னு சொல்லிட்டாங்க."

"அதான் மூலத்தைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம். அதுல அது இல்லைன்னா எந்தம்பிக்கிட்ட நானே சொல்லிருவேன். வந்து புள்ளையத் தூக்கிக்கிருவான்" என்றார் அவர்.

அந்த இடத்தில் நான் பேசாமல் பிளேட்டை எடுத்துக் காட்டியிருக்கலாம். படித்தவள் இல்லையா, விளக்கம் சொல்லத் தொடங்கினேன். போட்டோ எடுத்தால் உயிர் போகாது. இது மூடநம்பிக்கை. மந்திரிகளை எல்லாம் தினமும் படம் எடுக்கிறார்கள், யார் செத்தார்கள்? பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பேசின தோரணையில் பேசினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரிம்மா. அப்ப அது எதுனால போச்சு?"

"வலி கண்டதும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கோபமே இல்லை அவர் குரலில். "வண்டி கட்டலாமா வேணாமான்னு பேசிக்கிட்டு இருந்தோம். மருத்துவச்சி பாத்துக்கலாம்னுச்சு. எங்க ஆத்தா மொதப் பிரசவம் அப்படித்தான் இருக்கும்னுச்சு. அப்படியே போயிருச்சு. படம் கொல்லலைன்னா அப்ப யாரும்மா கொன்னது? நாங்களா?"

அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்குப் பதில் தெரியும். பெஞ்சிலிருந்து அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், வாயை மூடு, கெடுத்துவிடாதே என்ற கெஞ்சல் இருந்தது. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னால் அவருடைய ஆத்தா அதைத் தாங்க மாட்டாள். அப்புறம் அந்த வீட்டு வாசல் இந்தக் குழந்தைக்குத் திறக்கவே திறக்காது. எனக்கே அது தெளிவாகத் தெரிந்தது.

உள்ளே போய் அந்தக் கண்மாய் பிளேட்டுகள் இருந்த மரப்பெட்டியை எடுத்தேன். எடுக்கும்போதே எனக்கு ஞாபகம் வந்தது. அதில் ஒரு பிளேட்டை முதலாளி வேண்டாமென்று கழித்து வைத்திருந்தார். அந்தச் சாயங்கால வெயில் பக்கவாட்டிலிருந்து விழுந்தது. பூவரச மரத்துக்கு அங்கிட்டு நின்றவள் படத்துக்குள் வரவில்லை. அவளுடைய நிழல் நீண்டு முன்னால் இருந்த கரைமண்ணில் வந்து விழுந்திருந்தது. "ச்சே, நெழலு கெடுத்துருச்சு" என்று சொல்லித்தான் முதலாளி அதை ஒதுக்கினார்.

காலண்டருக்கு உபயோகித்த பிளேட்டை முதலில் எடுத்துக்கொண்டு போய் ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். பிளேட்டில் எல்லாம் மாறித்தான் தெரியும். வானம் கறுப்பு, மரம் வெளுப்பு. அவர் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, விரல் நுனியால் ஓரம் ஓரமாகத் தேடினார். குன்று, மரம், தண்ணீர் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

"ஆளு இல்லை. இது ஒண்ணுதானா, வேற இருக்கா?"

"இருக்கு" என்றேன். பெட்டியிலிருந்து மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு பிளேட்டை எடுக்கவில்லை. பெட்டியின் அடியில் தாளுக்குக் கீழே அது கிடந்தது. அவர் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "சத்தியமா இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவங்களை நாங்க படம் எடுக்கவே இல்லைங்க. தள்ளி நிக்கச் சொல்லிட்டோம். அவங்க உருவம் எதிலயும் இல்லை" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பெட்டியை மூடித் தள்ளி வைத்தேன்.

அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "படம் புடிச்சாங்கன்னு ஊரெல்லாம் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கு, கூறுகெட்ட கழுதை. பொய்யாப் போனதும் நல்லதுக்குத்தான்" என்றார். பிறகு எழுந்து, "அத்தை, வர்ற வெள்ளிக்கிழமை அவனைக் கூட்டியாரேன். வெளிய டீ குடிச்சுட்டு நிக்கிறேன், வாங்க" என்று படியிறங்கிப் போனார்.

அவள் அப்படிப் பொய்க்காரியாகிவிட்டாள். அதனால்தான் அந்தக் குழந்தைக்கு அப்பா கிடைத்தான். அவள் பொய்தான் சொன்னாளா, கறுப்புத் துணிக்குள் தலை வைத்ததால் தன்னையும் அந்தப் பெட்டி பிடித்துக்கொண்டது என்று நம்பினாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. மேஜைமேல் கிடந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த காரியம் நடந்துவிட்டது. முகத்தில் அந்தத் தெளிவு இல்லை.

"அப்ப எங்கயுமே இல்லையா அவ?" என்று கேட்டார்கள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டேன். பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பிளேட்டை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

பிளேட்டில் நிழல்தான் வெளிச்சமாகத் தெரியும். கரைமண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. அதன் நடுவே துரட்டியோடு ஒரு பெண் உருவம் வெறும் கண்ணாடியாக நின்றது. அதற்குள்ளிருந்து ஜன்னல் வெயில் வந்தது. முகம் கிடையாது. வயிறு தெரிந்தது. ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள். கைக்கும் உடம்புக்கும் நடுவே சின்னதாக ஒரு முக்கோணம் கறுப்பாக இருந்தது.

நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "கையை முட்டுக் குடுத்து நிக்கிறா. பாவாடை கட்டுன வயசுலேருந்து இப்படித்தான் நிப்பா. பெரிய மிராசுதாரு மாதிரி நிக்காதடின்னு வைவேன்" என்றார்கள். சொல்லிக்கொண்டே குழந்தையைத் தூக்கிக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார்கள். குழந்தை எல்லாக் குழந்தையும் பார்ப்பது மாதிரி வெளிச்சத்தைப் பார்த்தது. கண் கூசித் திரும்பிக்கொண்டது.

"நெழலு படத்துல சேத்தியா தாயி?"

"இல்லைங்க. சேத்தி இல்லை."

"நீ படிச்சிருக்க. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ங்க. சேத்தி இல்லை."

காகிதத்தில் ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம், பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வெளியே டீக்கடையில் அவர் யாருடனோ பேசுகிற சத்தம் கேட்டது.

"வேணாம். வீட்டுல இருந்தா என்னைக்காச்சும் யாரு கண்ணுலயாச்சும் படும். இது இங்க இருந்தாலும் ஆபத்துதான். வெளிய நிக்கிற அந்தத் தம்பி நாளைக்கே இன்னொருக்காப் பாக்கணும்னு வந்து நின்னா?" என்றார்கள். பிறகு, "வேண்டாததை என்ன செய்வீங்க?" என்று கேட்டார்கள்.

சொன்னேன். சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்தால் மேலே உள்ள படலம் கழன்று வந்துவிடும். கண்ணாடியைத் துடைத்துப் படச் சட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

"செஞ்சிரு தாயி. நான் பாத்துக்கிட்டு நிக்கையிலேயே செஞ்சிரு."

நான் வேண்டாம் என்று சொன்னேன். நானே பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று கெஞ்சினேன். முகத்தில் தழும்பை மறைப்பதற்கு மேல் ஒரு கோடு அழித்து எனக்குப் பழக்கம் இல்லை. அவர்கள் குரலை உயர்த்தவே இல்லை. "உனக்கு இது ஒரு படம். இந்தப் புள்ளைக்கு அப்பன் வீடு. எது பெருசு, நீயே சொல்லு" என்றார்கள்.

பின்கட்டில் அக்கா எழுந்துவிடாமல் ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். தட்டில் வெந்நீர் ஊற்றி உப்பைக் கரைத்துப் பிளேட்டை உள்ளே விட்டேன். அவர்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். ஓரத்திலிருந்து படலம் கிளம்பியது, ஆறின பாலில் ஆடை மாதிரி. குன்று முதலில் மடங்கியது. தண்ணீர் போயிற்று. அவள் இருந்த இடம் கடைசி வரை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் விரலால் தள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு தட்டில் கலங்கலான தண்ணீரும் ஒரு வெறும் கண்ணாடியும்தான்.

அந்த அம்மாள் கண்ணாடியை வாங்கி முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார்கள். "நல்லா இரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். அழவில்லை. நான்தான் முதலாளி வரும்வரை இருட்டு அறைக்குள் போய் நின்றுகொண்டிருந்தேன்.

சொன்னபடி தகப்பன் வந்தான். குழந்தையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்த அம்மாளுக்கு அதன் பிறகு அந்த வீட்டில் அவ்வளவாகப் போக்குவரத்து இல்லை. நல்ல நாள் பெரிய நாளில் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். பிள்ளை நன்றாக ஓடியாடுகிறதாம். அதை இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை.

டவுனுக்கு வந்தால் அந்த அம்மாள் ஸ்டுடியோவுக்கு வருவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும், "அன்னைக்குக் கண்ணாடியில எப்படி நின்னா, சொல்லு தாயி" என்று கேட்பார்கள். நான் சொல்லுவேன். துரட்டி, வயிறு, இடுப்பில் ஊன்றிய கை, நடுவில் முக்கோணம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். போன தடவை வந்தபோது, அது வலது கையா இடது கையா என்று கேட்டார்கள். என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிளேட்டில் எல்லாம் மாறித்தான் தெரியும். அதை எந்தப் பக்கமாகப் பிடித்திருந்தேன் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது. வலது கை என்று சொல்லிவிட்டேன். அவர்களும் தலையை ஆட்டினார்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று தலைநிமிர்ந்து நடக்கிற எனக்கு, என் படிப்பு இதுவரை கொடுத்ததில் பாரமான வேலை இதுதான். ஒருத்தி இந்த உலகத்தில் எப்படி நின்றாள் என்பது இரண்டே பேரின் ஞாபகத்தில் இருக்கிறது, அதில் ஒன்று என்னுடையது, அது தேய்ந்துகொண்டு வருகிறது.